மூன்று விநாடித் தொடர்

1966-ல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' இன்னும் முடியவில்லை என்று அமெரிக்காவில் பெருமை பேசுகிறார்கள். காரைக்கால் பக்கம் வந்தால் அந்தப் பெருமை அடங்கிவிடும். எழுத்தாளர் கிடையாது, நடிகர் கிடையாது, செலவே கிடையாது. ஓர் அறிவியல் புனைகதை இங்கே ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு நேர் மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி ஸ்தம்பித்து நிற்குமாம். நாசா மிரண்டு போகுமாம். விஞ்ஞானிகள் ஓடிவந்து கும்பிட்டுப் போவார்களாம். சனிப்பெயர்ச்சிக்குச் சனிப்பெயர்ச்சி மறு ஒளிபரப்பு.

ஸ்டார் டிரெக் ரசிகர்கள் கிறுக்கர்கள்தான். ஆனால் கதையில் ஓட்டை விழுந்தால் எழுதியவனைச் சும்மா விடமாட்டார்கள். நம் ரசிகர் பொறியியல் படித்தவர். ஓட்டையைத்தான் அதிசயம் என்கிறார். பூமிக்கு அருகே சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்குச் சுமார் ஏழரை கிலோமீட்டர் ஓடுகிறது. ஓடுவதால்தான் விழாமல் இருக்கிறது. நின்றால் கீழேதான் வரும், கும்பிட வராது. அந்த மூன்று விநாடியில் அது தாண்டுவது ஏறக்குறைய காரைக்காலிலிருந்து பேரளம் வரையுள்ள தூரம். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே 1987-ல் மூடிய ரயில் பாதையைத் திரும்பப் போட்டுச் சோதனை ஓட்டம் விட 2025 ஆயிற்று. இந்த வட்டாரத்தில் ஸ்தம்பித்து நின்றது எதுவென்று நாசாவைக் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்?

காசினி என்று ஒரு விண்கலம். 2004 முதல் 2017 வரை, பதின்மூன்று வருஷம், சனிக் கிரகத்தையே சுற்றிச்சுற்றி வந்து படம் அனுப்பியது. சொந்த வீட்டு வாசலில் தடுக்காதவர், கும்பகோணம் சாலைக்கு மேலே போகிறவனை மறிப்பாராக்கும்!

இன்னொரு சங்கடம் இருக்கிறது. திருக்கணிதப் பஞ்சாங்கக்காரர்கள் 2025 மார்ச் 29-ல் பெயர்ச்சி என்றார்கள். கோயிலோ, இங்கே வாக்கியப் பஞ்சாங்கம்தான், பெயர்ச்சி 2026-ல் என்று அறிவித்துவிட்டது. செயற்கைக்கோள் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நிற்கிறது என்பதை ராசிபலன் சொல்லும் தொலைக்காட்சி மேதைகள் விளக்கலாம். விளக்க மாட்டார்கள், விளம்பர இடைவேளை வந்துவிடும். அந்த நிகழ்ச்சி வீட்டுக்கு வருவதும் செயற்கைக்கோள் வழியாகத்தான்.

எண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் முழுகி, எள் தீபம் ஏற்றிவிட்டுப் பேருந்து ஏறும் அம்மாவை நான் சொல்லவில்லை. நாசா என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவருடைய சாமி அவருக்குப் போதும். என் கோபமெல்லாம் தன் குலசாமிக்கே வெள்ளைக்காரன் கையெழுத்து வாங்கித் தரத் துடிக்கும் படித்த கும்பல் மேல்தான். ஸ்டார் டிரெக் ரசிகர்கள் 1976-ல் கடிதமாக எழுதிக் குவித்து, நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு 'என்டர்பிரைஸ்' என்று தங்கள் கதைக் கப்பலின் பெயரையே வைக்கவைத்தார்கள். அவர்கள் நாசாவுக்குக் கடிதம் எழுதினார்கள். நாம் நாசாவின் பெயரில் நமக்கே எழுதிக்கொள்கிறோம்.

அதையாவது மனதார நம்புகிறார்களா? திருநள்ளாறிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். 2004 டிசம்பர் 26 காலையில் கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் எத்தனை வீட்டில் ஒப்பாரி கேட்டது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. ஆழ்கடல் மிதவைகள் அனுப்பும் சேதி செயற்கைக்கோள் வழியாகத்தான் அதற்குப் போகிறது. புயல் எச்சரிக்கையும், கடலுக்குப் போன படகுக்குத் திசை காட்டுவதும் அதே வானத்திலிருந்துதான். நம் மாவட்டத்துக்கு மேலே வரும் செயற்கைக்கோளெல்லாம் நின்றுவிடுகிறது என்று உண்மையிலேயே நம்புகிறவன் குலை நடுங்கியிருக்க வேண்டாமா? மீனவனைக் காப்பாற்றுங்கள் என்று ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு மனுவோடாவது நின்றிருக்க வேண்டாமா? பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று கைப்பேசியைத் தட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வஞ்சிரம் என்ன விலை என்று கேட்கப் போய்விடுகிறான்.