பிறக்காத வாரிசு

கேள்வி: இடைக்கால இங்கிலாந்தில் பிள்ளையில்லாத பிரபுவின் நிலம் யாருக்குப் போனது?

பதில்: ஆண் வாரிசு என்றால் மூத்தவருக்கே முழுவதும், சகோதரிகள் என்றால் சமபங்கு. குளோஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேர் 1314-இல் பானக்பர்ன் போரில் மாண்டார். எந்த நிலம், என்ன வருமானம், வாரிசின் வயது என்ன என்று உள்ளூர்க்காரர்கள் சத்தியம் செய்து சொல்ல, அரசு எழுத்தர்கள் பதிந்துகொண்டனர். ஆனால் விதவை மாடில்டா, தாம் கர்ப்பம் என்றார். பத்து மாதம் கடந்தது, ஆண்டும் கடந்தது, குழந்தைதான் வரவில்லை! பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? 1317-இல் கில்பர்ட்டின் மூன்று சகோதரிகளுக்கும் சொத்து பிரிந்தது. வளமான கிளாமர்கன் எலினருக்கு, அதாவது கணவர் இளைய ஹியூ டெஸ்பென்சரின் கைக்கு. மார்கரெட்டுக்கு ஒரு பங்கு. கிளேர் கோட்டை எலிசபெத்துக்கு. அவர் பொருளுதவியால் நிலைபெற்ற கேம்பிரிட்ஜ் கல்லூரிக்குக் கிளேர் என்றே பெயர்.