ஆறு விழலையாம்!

ஏலே பேராண்டி, அந்தப் பகடையை முறைச்சது போதும். அது உனக்கு ஒண்ணும் கடன்பட்டிருக்கல. போன தடவை ஜெயிச்சப்ப, "எல்லாம் திட்டம் தாத்தா"ன்னு இல்லாத மீசையை முறுக்குன. இன்னைக்குத் தோத்ததும் பகடை சரியில்லையாம்!

பின்லாந்துக்காரர் டௌகோ தஹ்கோகல்லியோ 2011-ல கொண்டாந்த ஆட்டம் இந்த எக்லிப்ஸ். ஆறு பேர் வரை உக்காந்து அண்டத்தைப் பங்கு போடலாம். சரி, நீ என்ன செஞ்ச? மூணு சின்னக் கப்பலை அனுப்புன. ஒவ்வொண்ணுலயும் ஒத்தை அயான் பீரங்கி. கம்ப்யூட்டர் கெடையாது. ஆறு விழுந்தாத்தான் அடி. மூணு பகடையை ஒருக்கா உருட்டுனா ஒரு ஆறாவது விழ 100-க்கு 42 வாய்ப்புத்தான். வெறுங்கையோட திரும்புறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்சே கெளம்பியிருக்க, ராசா.

கப்பல் அட்டையில நாலு கட்டம் இருக்கே, அதுல ஒண்ணு காலியாக் கெடந்துச்சே, கண்ணுல படலையா? ஆராய்ச்சியே பண்ணாம முதல் சுத்துலயே கெடைக்கிற எலக்ட்ரான் கம்ப்யூட்டரை அங்க மாட்டியிருந்தா பகடையில ஒண்ணு கூடியிருக்கும். அஞ்சு விழுந்தாலும் அடி. அதே மூணு கப்பல், 100-க்கு 70! கொஞ்சம் பொறுத்து பாசிட்ரான் வாங்கியிருந்தா ரெண்டு கூடும், எட்டுக்கு ஏழு. நீ பொறுக்குற ஆளா?

எதிராளி கவசம் மாட்டியிருந்தா அந்தக் கூட்டல் கழிஞ்சு போகும், வாஸ்தவம்தான். ஆனா எவ்வளவு கவசம் இருந்தாலும் ஆறு விழுந்தா அடி. எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் ஒண்ணு விழுந்தாத் தவறு. அந்த ரெண்டு முகத்தை மட்டுந்தான் அதிர்ஷ்டத்துக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்காரு ஆட்டத்தை உருவாக்குன அந்த மனுசன். நீதான் மிச்ச நாலு முகத்தையும் சேத்து அதுக்கே எழுதி வச்சிட்டு, இப்ப வந்து கண்ணைக் கசக்குற.

அறுகோண அட்டையைப் பாக்காம எடுக்குறதும், பையில இருந்து என்ன ஆராய்ச்சி வில்லை வருதுங்கிறதும் உன் கையில இல்ல, அதை ஒத்துக்கிறேன். பிடிக்காத அட்டையை ஒதுக்கலாமே? நீதான் ஒண்ணு விடாம வளைச்ச. ஒவ்வொரு மண்டலத்துக்கும், செய்யுற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு செல்வாக்கு வில்லை போகுது, சுத்து முடிவுல செலவு ஏறுது. கடைசியில கப்பலைச் சீர்படுத்தவும் காசில்லாம நின்ன. அதையும் பகடையா பண்ணுச்சு?

இன்னொண்ணு, காதைக் குடு. இனிமே ஜெயிச்சா பகடையைப் புகழு. "ஏதோ விழுந்துச்சு மாமா"ன்னு தலையைச் சொறி. கெட்டிக்காரன்னு பேர் வாங்குனா அடுத்த சுத்துல எல்லாப் படையும் உன் வீட்டுப் பக்கந்தான் திரும்பும். அதிர்ஷ்டக்காரனை எவனும் மெனக்கெட்டு அடிக்க மாட்டான், வயிறெரிஞ்சிட்டுச் சும்மா இருந்துக்குவான்.

தோத்தாலும் மோசமில்ல. ஓடாம நின்னு அடி வாங்குனவனும் பையில கைவிட்டுப் பேர் வில்லை ஒண்ணு எடுக்கலாம். ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் அதுக்கு மதிப்பு. யாருக்கும் காட்ட வேண்டியதில்ல. நீ இப்ப எடுத்து அட்டையில கவுத்து வச்சது நாலு. நான் பின்னால நின்னு பாத்துட்டேன். அதனால அந்த அழுமூஞ்சியை மாத்திக்காத. கடைசிச் சுத்து வரைக்கும் நல்லாப் புலம்பு.