ஓடாமலே ஓட்டத் தேர்வு

ஓடுகிற பிள்ளையை நிறுத்திவைத்து அதன் ஓட்டத்தை அளக்கும் வித்தை ஒன்று உண்டு. எஃப்.எம்.எஸ். என்பார்கள், அமெரிக்காவில் கிரே குக்கும் லீ பர்ட்டனும் உருவாக்கியது. ஏழு சோதனை, ஒவ்வொன்றுக்கும் 3 மார்க், ஆக மொத்தம் 21. கம்பைத் தலைக்கு மேலே பிடித்தபடி குந்தி உட்கார வேண்டும். குதிகால் தூக்கினால் மார்க் போச்சு. மல்லாந்து படுத்து, முட்டி மடங்காமல் காலை உயர்த்த வேண்டும். 14-ஐத் தாண்டாவிட்டால் கோச் முகம் சுருங்கிவிடும். ஏழில் ஒன்றிலாவது ஓடச் சொல்கிறார்களா? மூச்!

உருவாக்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. பொதுவான அசைவைப் பார்க்கத்தான் இது. மறைத்துவைத்த வலியும் வெளியே வரும். அதை ஓட்டத்துக்கே ஜாதகமாக்கி, வளர்த்தியில் கைகால் எங்கே போகிறதென்று தனக்கே தெரியாத பதின்மூன்று வயதுப் பையன் தலையில் கட்டுவது நம் கோச்சுகளின் சாமர்த்தியம்.

முதுகெலும்பு வளைந்த உசேன் போல்ட் 2009-இல் 100 மீட்டரை 9.58 விநாடியில் முடித்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற ஸாட்டோபெக் முகத்தைக் கோணிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி ஓடுவார். வலித்தால் 0 என்பது சோதனை விதி. அவர் முகத்தைப் பார்த்தே போட்டிருப்பார்கள்.