முப்பதுக்கு நாற்பது: ஓர் எல்லையாராய்ச்சி

இக்கட்டுரை என்ன நுதலிற்றோ எனின், மைசூரில் மனை வாங்கிய மாந்தர் சர்வேயரை அழைக்கும் முறைமையும், அவர் வந்துபோன பின் மனை சுருங்கும் தன்மையும் உணர்த்துதல் நுதலிற்று.

நிலம் நால்வகைப்படும். பத்திரத்தில் இருப்பது ஒன்று, பஹணி எனும் உரிமைப் பதிவேட்டில் இருப்பது ஒன்று, சர்வே துறையின் ஆகார்பந்துப் பதிவேட்டில் இருப்பது ஒன்று, வேலிக்குள் கிடப்பது ஒன்று. நான்கும் ஒரே அளவாக இருந்ததைக் கண்டவர் உளர் என்பர். அவரை யாரும் அழைத்துவந்து காட்டியதில்லை. தரகர் வாயில் இருப்பதை ஐந்தாவதாகச் சேர்ப்பாரும் உளர். அது பேசப்பேச வளரும் நிலமாதலின் இங்கே விடப்பட்டது.

நில அளவைத் துறைக்கு மைசூர்ச் சீமையே தாய்வீடு. 1799 ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது ஆங்கிலேயரின் ஜெனரல் பேர்டு ஓரிரவில் படையை நடத்திப் போகிறார். உடன் சென்ற படை அதிகாரி வில்லியம் லாம்டன் விண்மீன்களைப் பார்த்துவிட்டு, தெற்கே போகவேண்டிய நாம் வடக்கே, திப்புவின் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்கிறார். ஜெனரலுக்குக் கோபம், வழி தெரிய நட்சத்திரம் வேண்டுமா என்ன? பிறகு வெளிச்சம் கொளுத்தித் திசைகாட்டியைப் பார்த்தால் நட்சத்திரம் சொன்னதே சரி. சர்வேயரிடம் ‘எனக்குத் தெரியாதா?’ என்று கேட்கும் மரபு நமது வட்டாரத்தில் எவ்வளவு உயர்ந்த இடத்தில் தொடங்கியது என்பது இதனால் பெறப்படும்.

அதே லாம்டன் 1800இல் பெங்களூரில் அடிக்கோடு அளந்தார். அவர் கையில் இருந்தது, 1793இல் மெக்கார்ட்னி தூதுக்குழு சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், ஏற்கப்படாமல் திரும்பிய சங்கிலி. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலையில் அவர் தொடங்கிய அளவைதான் பின்னாளில் இமயம்வரை போனது. இமயத்தின் உயரம் கிடைத்துவிட்டது. போகாதியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள கடைசி மனையின் கிழக்கெல்லை இன்னும் ஆய்வில் இருக்கிறது.

இனி அளவை. சேலத்திலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வருபவர் சென்டில் பிறந்து சென்டில் வளர்ந்தவர். இங்கே பேச்சு குண்டேயில். 33 அடிச் சங்கிலியை நாற்புறமும் போட்டால் ஒரு குண்டே, அதாவது 1,089 சதுர அடி. 40 குண்டே ஓர் ஏக்கர். ஒரு குண்டே சரியாக இரண்டரை சென்ட். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘பத்து குண்டே’ என்றதும் பத்து சென்ட் என்று மதிப்புப் போட்டு, ‘விலை கூடப்பா’ என்று எழுந்துபோன சித்தப்பாக்கள் பலர்.

சங்கிலியின் பதினாறில் ஒரு பங்கு அணா. 1957இல் நயா பைசா வந்ததும் அணா மறைந்தது என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் தாலுகா சர்வே அலுவலகத்துக்குள் போகாதவர்கள். 1863இல் பம்பாய் முறைப்படி மைசூரில் வருவாய் அளவை தொடங்கியது. அந்த வழியில் வந்த டிப்பணி எனும் பழைய புலப்படங்களில் தூரம் இன்றும் சங்கிலியும் அணாவுமாகவே நிற்கிறது. ஓர் அணா என்பது 2 அடி முக்கால் அங்குலம். அன்றைய அளவர் அரை அணாவைக் கண்ணால் மதித்து எழுதியிருந்தால், அங்கேயே ஓரடி போயிற்று, அல்லது வந்தது. இன்றைய சர்வேயர் மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கும் டோட்டல் ஸ்டேஷனை முக்காலியில் நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடி, அந்த அரை அணாவைத் தேடுகிறார். அவர் வேலை நிலத்தை அளப்பதன்று. முன்னொருவர் அளந்ததை மறுபடி அளந்து காட்டுவது. நூறாண்டுக்கு முந்தைய கணக்கைக் கருவியின் கூர்மை திருத்திவிடாது. இதை மனைக்காரருக்கு விளக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அளப்போரில் மூன்று கட்சி உண்டு. காலடிவாதிகள் காலை நடையிலேயே முடிவுக்கு வருபவர்கள். செருப்பின் நீளம் அவர்களுடைய கோட்பாடு. செயலிவாதிகள் சர்வே எண் காட்டும் திஷாங்க் செயலியைத் திறந்து மனை நடுவே நிற்பார்கள். நீலப்புள்ளி சற்று யோசித்து, அண்டைவீட்டுத் தென்னைமரத்தில் போய் உட்காரும். கைப்பேசி ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டுவது இயல்பு. முப்பதடி மனையின் அகலமோ ஒன்பது மீட்டர். பாதி மனையைப் புள்ளியே தின்றுவிடுகிறது.

மூன்றாமவர் விதிவாதிகள். தனியார் சர்வேயர் கண்ணில் பட்டதை அளந்து படம் போட்டுத் தருவார். அது நம் மனநிம்மதிக்கு. எல்லையை நிலைநாட்ட ஹத்துபஸ்து எனும் அரசு அளவைக்கு மனுப் போடவேண்டும். மனு மோஜிணி எனும் சர்வே துறைக் கணினியில் ஏறும், அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் போகும், மகஜர் எழுதப்படும். ஒரு சர்வே எண்ணில் ஒரு பகுதியை மட்டும் விற்க உரிமம் பெற்ற சர்வேயரின் லெவன்-ஈ வரைபடம் வேண்டும். வாங்குமுன் கேட்கவேண்டிய காகிதங்கள் இவை. வாங்கியபின் கேட்பவர்களே பெரும்பான்மை என்பதால்தான் இத்துறை தழைக்கிறது.

மனை சுருங்குதலின் காரணம் கராப், அதாவது சாகுபடிக் கணக்கில் சேராத நிலம். ஓடை, வண்டிப்பாதை முதலிய பொதுப்பகுதி பி-கராப் எனப்படும். அது சர்வே எண்ணின் மொத்தப் பரப்பில் இருக்கும். விற்பவர் உரிமையில் இராது. லேஅவுட் போடுகிறவர் அதையும் சேர்த்து வரிசையாக முப்பதுக்கு நாற்பது கிழித்துக்கொண்டே போவார். முதல் மனைக்காரர் முழு வயிறு சாப்பிடுவார். கடைசி மூலைக்காரருக்கு மழைக்காலத்தில் ஓடை வந்து விவரம் சொல்லும்.

களத்தில் பாந்துகல் எனும் எல்லைக்கல்லைக் கண்டுபிடிப்பது தனிக்கலை. சர்வேயர் டிப்பணியைக் கையில் வைத்துக்கொண்டு அண்டைவீட்டாரிடம், “ஸ்வாமி, இங்கே ஒரு கல் இருக்கணுமே?” என்பார்.

“எங்க தாத்தா காலத்திலிருந்தே இல்லை ஸ்வாமி.”

“மாடு எதுல கட்டியிருக்கீங்க?”

மாடு அவிழ்க்கப்படும். சாணத்தைத் தள்ளிப் பார்த்தால் கல் அதுவேதான், ஆனால் மஞ்சள் குங்குமத்துடன். பொட்டு வைத்த கல்லை எல்லைக்கல் என்று சொல்லும் துணிவு எந்தச் சர்வேயருக்கும் எளிதில் வராது. கல் சாமியா சாட்சியா என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. அளவு பிடிக்காதவர் டி.டி.எல்.ஆர். எனும் நில ஆவணத் துணை இயக்குநர் அலுவலகத்தில் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். இவ்வாய்வின் அடுத்த பகுதி, மேற்படி அண்டைவீட்டார் மகஜரில் கையெழுத்திட்ட பின் வெளியாகும்.