ஒரே வாசலில் இரண்டு நாய்: ஒரே நாளில் சேர்த்து வைப்பது எப்படி?

வல்லக்கோட்டையைச் சுற்றி எல்லாமே சொன்ன நேரத்துக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. 2012-ல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி வந்தது. 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ஒரு பக்கம் தகடும் போல்ட்டும் உள்ளே போனால் மறுபக்கம் வண்டி ஸ்டார்ட் ஆகி வெளியே வருகிறது. இப்படிப்பட்ட இடத்தில் குடியிருந்துகொண்டு, இரண்டு நாய்களைப் பழக்கிவைக்க மூன்று மாதம் ஆகும் என்று ஒருவர் சொன்னால் கோபம் வருமா, வராதா? அந்தக் கோபத்தில் எழுதியதுதான் இந்தக் கையேடு.

முதலில், உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்க வேண்டும். டைகர் என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையம் என்று சொல்லித்தான் விற்றார்கள். வெள்ளையாக இருப்பது வரைக்கும் அது உண்மை. நாலு வருஷமாகக் கேட், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி மூன்றும் அதன் பொறுப்பில் இருக்கின்றன.

அடுத்து, இரண்டாவது ஷிப்ட் முடிந்து வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் வரும்போது டீக்கடையில் பைக்கை நிறுத்த வேண்டும். அங்கே ஒரு பெட்டை நாய், வண்டியில் அடிபட்ட பின்னங்காலை ஊன்றாமல் நிற்கும். பாதி பன்னைப் போடுவீர்கள். அது உங்களைப் பார்க்கும். அவ்வளவுதான். பெட்ரோல் டேங்க் மேல் படுக்கவைத்து வீடு வந்து சேர்வதற்குள் அதற்கு ரோஸி என்று பெயரும் வைத்தாகிவிடும். காப்பாற்றும் வேலை முடிந்தது. மிச்சமிருப்பது சில்லறை வேலைகள்.

1. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்

வீட்டில் எல்லோரும் இருக்க வேண்டும். வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட மச்சினன் குடும்பமும் வந்திருந்தால் இன்னும் விசேஷம். ஏழடி முருகனைப் பார்த்துவிட்டு வந்த கையோடு ரோஸியையும் பார்த்துவிடலாம். குழந்தைகள் கத்த வேண்டும், டி.வி. ஓட வேண்டும், யாராவது செல்போனில் படம் பிடிக்க வேண்டும். அடிபட்ட நாய்க்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடையாது.

கால்நடை மருத்துவர் வேறு மாதிரி சொல்வார். காலுக்குக் கட்டுப் போட்டு, குடற்புழு மாத்திரையும் உண்ணிக்கு மருந்தும் கொடுத்துவிட்டு, “ரெண்டு வாரம் தனி ரூம்ல வைங்க, மத்த நாய் கிட்ட விடாதீங்க” என்பார். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்கள் உடம்புக்குள் புகுந்த அன்றே தெரியாது, சில நாள் பதுங்கியிருந்துதான் வெளியே வரும் என்பார். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், வழக்கமாக ஊற்றும் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அது அசையாது, பிளீச்சிங் கரைசல்தான் அதைக் கொல்லும் என்று வேறு பயமுறுத்துவார். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்: அந்த இரண்டு வாரம் நோயில்லாமல் கழிந்த பிறகு கதவிடுக்கு வழியாக இரண்டும் ஒன்றையொன்று மோந்துகொள்ளட்டும், ரோஸி படுத்த சாக்கை டைகர் பக்கத்திலும் டைகர் படுத்ததை ரோஸி பக்கத்திலும் போடுங்கள், முகம் பார்ப்பதற்கு முன்பே வாசனை பழகிவிடும்.

சாக்கை மாற்றிப் போடுவதற்கா நாம் ஓ.டி. பார்த்து வீடு கட்டினோம்? நேராகக் கேட்டைத் திறந்து உள்ளே விடுங்கள்.

2. வாசலிலேயே அறிமுகப்படுத்துங்கள்

பைக் இரண்டு, சைக்கிள் ஒன்று, காலி சிலிண்டர் எல்லாம் நிற்கும் போர்ட்டிகோவே உத்தமமான இடம். பின்வாங்க வழி இருக்கக் கூடாது. டைகர் நாலு வருஷமாகக் காவல் காத்த அதே இடமாகவும் இருக்க வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் இரண்டு நாய்க்கும் சொந்தமில்லாத இடமாகப் பார்ப்பார்கள். அதற்கு இங்கே பஞ்சமில்லை. ஏரிக்கரை இருக்கிறது, லீவு நாளில் லாரி ஓடாத சிப்காட் உள்சாலை இருக்கிறது. கால் ஆறிய பிறகு, ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நல்ல இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடப்பார்கள். கயிறு தொய்வாக இருக்கும். நாய்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் மண்ணை மோந்துகொண்டு வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குவார்கள். பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். வீடியோ எடுத்தால் யாரும் லைக் போட மாட்டார்கள்.

நம் முறையில் விறுவிறுப்பு உண்டு. சங்கிலியை முழங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கழுத்து இறுகும்படி இழுத்துப் பிடித்து, இரண்டையும் மூஞ்சிக்கு மூஞ்சி நிறுத்துங்கள். “டைகர், யார் வந்திருக்கா பாரு! தங்கச்சிடா!” என்று சொல்லுங்கள். நாய் உலகில் நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பு. பக்கவாட்டில் வளைந்து வந்து வாலடியை மோந்து பார்ப்பதுதான் மரியாதை. ஆனால் அந்த மரியாதையை விருந்தாளிகள் முன்னால் செய்ய விட முடியுமா? சங்கிலியை இன்னும் கொஞ்சம் இழுங்கள்.

3. வால் ஆடினால் எல்லாம் சரி

இதைவிட எளிய அளவுகோல் கிடையாது. வால் ஆடுகிறதா? சந்தோஷம். ஆடவில்லையா? கொஞ்ச நேரத்தில் ஆடும்.

இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் சிலர் 2007-ல் 30 நாய்களை வைத்து வாலை அளந்து பார்த்தார்கள். வளர்ப்பவரைக் கண்டதும் வால் வலப்பக்கம் அதிகம் வீசியது. பழக்கமில்லாத, அதட்டலான நாயைக் கண்டதும் இடப்பக்கம் அதிகம் வீசியது. ஆக, வால் ஆட்டத்திலும் ரகம் உண்டு. சார்லஸ் டார்வின் 1872-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் நாயைப் பகையோடும் பணிவோடும் இரு விதமாகப் படம் போட்டே காட்டியிருக்கிறார்: பகையில் உடம்பு விறைக்கிறது, வால் நட்டுக்கொள்கிறது, முடி சிலிர்க்கிறது; அன்பில் உடம்பு மொத்தமும் குழைகிறது. போர்ட்டிகோவில் டைகர் வாலைக் கம்பிபோல் தூக்கி, நுனியை மட்டும் படபடவென்று ஆட்டுகிறது. ரோஸி வேறெங்கோ பார்த்துக்கொண்டு கொட்டாவி விடுகிறது, நாக்கால் மூக்கை நக்குகிறது. முன்னது எச்சரிக்கை, பின்னது, “எனக்குச் சண்டை வேண்டாம்.”

உங்கள் மனைவி இதைக் கவனித்துவிட்டு, “என்னங்க, டைகர் ஒரு மாதிரி நிக்குது” என்பார். காதில் வாங்காதீர்கள். வால் ஆடுகிறது அல்லவா?

4. உறுமினால் ஓங்கி ஒன்று வையுங்கள்

இங்கேதான் மச்சினன் தேவைப்படுகிறார். அவர் யூடியூபில் பார்த்திருப்பார். “மாமா, நீங்கதான் ஆல்ஃபான்னு அதுக்குக் காட்டணும். புடிச்சு மல்லாக்கப் போட்டு அமுக்குங்க” என்பார்.

ஓநாய்க் கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயித்ததுதான் தலைவன் என்ற கதை 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதிய ஆய்விலிருந்து கிளம்பியது. அவர் பார்த்தது மிருகக்காட்சிச்சாலையில், ஒன்றுக்கொன்று உறவில்லாமல் அடைத்து வைத்திருந்த ஓநாய்களை. டேவிட் மெக் 1970-ல் எழுதிய புத்தகம் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பார்த்த பிறகு, கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான், ‘ஆல்ஃபா’ என்ற பேச்சு பொருந்தாது என்று அதே மெக் 1999-ல் எழுதினார். இந்தச் செய்தி மச்சினனின் செல்போனுக்கு இன்னும் வந்து சேரவில்லை. மளிகைக் கணக்கில்கூட உங்கள் பேச்சு எடுபடாத வீட்டில் நாயிடமாவது ஆல்ஃபாவாக இருக்கக் கிடைத்த வாய்ப்பை ஏன் விட வேண்டும்?

உறுமல் என்பது நாய் வாய் திறந்து கொடுக்கும் நோட்டீஸ். அதைக் கேட்டதும் இரண்டையும் விலக்கி வைத்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். உறுமும்போதெல்லாம் அடித்தால் டைகர் உறுமலை விட்டுவிடும், கோபத்தை விடாது. அடுத்த தடவை நோட்டீஸ் இல்லாமலே கடிக்கும். வீடு அமைதியாக இருக்கும், கடிக்கும் நிமிஷம் வரைக்கும்.

5. ஒரே தட்டில் சோறு போடுங்கள்

பாரபட்சம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டன் எலும்பை ஒரே அலுமினியத் தட்டில் குவித்து, இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். ரோஸி தெருவில் வளர்ந்தது. கிடைத்ததை யாரும் பிடுங்குவதற்குள் விழுங்கிப் பழகியது. டைகருக்கோ தன் தட்டை இன்னொரு வாய் தொட்டு அனுபவமே இல்லை. பார்க்கவே ரம்மியமாக இருக்கும்.

பாட்டி இதில் பெரிய துணை. “பைரவர் வீடு தேடி வந்திருக்கார்” என்று ரோஸிக்குத் தனியாகத் தயிர்சாதம் பிசைவார். டைகரைக் கட்டிப்போட்டுவிட்டு, அதன் கண்ணெதிரே, அதன் வழக்கமான மூலையில் வைத்து ஊட்டச் சொல்லுங்கள். தட்டு, படுக்கை, பாட்டி மூன்றும் ஒரே நாளில் கைமாறினால்தான் மூத்த நாய்க்குப் பக்குவம் வரும்.

வேறு வேறு மூலையில் இரண்டு தட்டு, சாப்பிட்டதும் தட்டை எடுத்துவிடுவது, எலும்பு என்றால் நடுவில் மூடிய கதவு, எதிலும் முதல் கவனிப்பு பழைய நாய்க்கு: இப்படிச் செய்கிற வீடுகளும் இருக்கின்றன. அங்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்கள் தூங்குகிறார்கள்.

6. கடி

இந்த ஓரிடத்தில் மட்டும் கையேடு விளையாடவில்லை. நாய்கள் கவ்விக்கொண்டால் நடுவில் கையை விடாதீர்கள். வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், பெரிய சத்தம் போடுங்கள், அட்டையோ பலகையோ குறுக்கே நுழைத்துவிடுங்கள். உங்கள் மேல் பல் பட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மந்திரித்த கயிறு எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயத்துக்கு இப்போது இடமில்லை. தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் கையில் போடுகிறார்கள். பல் தோலைத் துளைத்த காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியபோது நாய்க்கடிக்கு வைத்தியம் என்றால் மலையேற வேண்டியிருந்தது. இன்று ஊசி பக்கத்திலேயே கிடைத்தும் ஆள் சாகிறாரென்றால் அதற்குப் பெரும்பாலும் தாமதம்தான் காரணம். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. டைகருக்கும் ரோஸிக்கும் வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி. இதில் மட்டும் பேரம் கிடையாது.

7. திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்குள் பழகிவிட வேண்டும்

பழகாவிட்டால் ரோஸிக்கு நன்றியில்லை என்று அர்த்தம். நாயோடு புழங்குகிறவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் புது நாய் கட்டிலடியில் ஒண்டிக்கொண்டு சாப்பிடாது. மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடும், அதன் நிஜ குணமும் அப்போதுதான் தலைகாட்டும். மூன்று மாதத்தில்தான் இது நம் வீடு என்று நம்பும். முதல் வாரம் சாதுவாக இருந்த ரோஸி நான்காம் வாரம் டைகரை முறைத்தால் அது கெட்டுப்போகவில்லை, பயம் விட்டுப்போயிருக்கிறது.

கம்பெனியில் சேருகிற ட்ரெயினிக்குக்கூட இண்டக்‌ஷன் உண்டு, ஹெல்மெட்டும் ஷூவும் உண்டு, தெரியாததைக் கேட்க ஒரு சீனியர் உண்டு, ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துத்தான் நிரந்தரமா இல்லையா என்று பேசுவார்கள். நாய்க்கு எதற்கு அதெல்லாம்? ஒரு நாள் போதும். சரிவரவில்லையென்றால் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வரலாம், காலுக்குத்தான் கட்டுப் போட்டாயிற்றே.

8. கருத்தடையைத் தள்ளிப்போடுங்கள்

இவ்வளவையும் மீறி, உங்கள் முயற்சி எதுவுமில்லாமல், ஒரு மத்தியானம் டைகரும் ரோஸியும் ஒரே நிழலில் படுத்துவிட்டால் பதறாதீர்கள். இன்னும் ஒரு வழி இருக்கிறது.

சென்னை புளூ கிராஸ் 1964-லேயே தெருநாய்க்குக் கருத்தடை செய்து ஊசி போட்டு விடும் வேலையைத் தொடங்கியது. 2001-ல் அது மத்திய அரசின் விதியானது. 2023-ல் புது விதி வந்தது. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. 22 அன்று அதைத் திருத்தி, வெறியோ மூர்க்கமோ உள்ளவை தவிர மற்றவற்றுக்குக் கருத்தடையும் ஊசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ஒரகடம் டீக்கடையில் இரண்டு தீர்ப்புக்கும் தலா ஒரு கட்சி இருக்கிறது. இரண்டு கட்சிக்காரர்களும் சொந்த நாய்க்கு ஆபரேஷன் செய்தார்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நீங்களும் செய்யாதீர்கள். “பாவம், வாயில்லா ஜீவன், ஒரு தடவையாவது குட்டி போடட்டும்” என்று பாட்டி சொல்லட்டும். சுமார் 63 நாளில் ரோஸி ஆறு குட்டி போடும். தெருவில் முதல் வாரம் எல்லோரும் கொஞ்சுவார்கள். ஐந்தாவது வாரம் கேட்டால், வாடகை வீடு என்பார்கள். அப்போது ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் பழைய லுங்கியை விரித்து, குட்டிகளை வைத்து, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கோயில் வளைவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள். கிருத்திகைக்கு முதல் நாளாக இருந்தால் நல்லது. கூட்டம் வரும், இரக்கமுள்ளவர்கள் வருவார்கள். ஆறில் நாலு ரோட்டைக் கடக்கப் பார்க்கும். ஒன்றை யாராவது எடுத்துப்போவார்கள். மிச்சமுள்ள ஒன்று வளர்ந்து, டீக்கடை வாசலில் நின்று பாதி பன்னுக்காக இன்னொருவரைப் பார்க்கும். அவர் வீட்டிலும் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால் இந்தக் கையேட்டைக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு இனி தேவைப்படாது.