சாண்டா கிளாஸ் வசிஷ்டரான கதை

உடைந்த கொலு பொம்மைக்கு எங்கள் வீட்டில் அப்போது இரண்டு கதிதான். மூக்கு, விரல், காதுமடல் என்று சில்லறைச் சேதாரமாக இருந்தால் மேல்படியில் பின்வரிசை. தலையே போய்விட்டால் கிணறு. பின்னமான சாமியைப் படியில் வைக்கக் கூடாது என்பது சாஸ்திரம். பின்னம் வெளியே தெரியாவிட்டால் வைக்கலாம் என்பது பெரியம்மா அதோடு சேர்த்துக்கொண்ட துணைவிதி.

பழுதுபார்க்கும் இலாகா பெரியம்மாவிடம்தான் இருந்தது. பண்ருட்டிக் காகிதக்கூழ் பொம்மைகள் எடை குறைவு, ஆனால் கரப்பான் அரிக்கும். காஞ்சிபுரத்து மண் பொம்மைகள் கரப்பானுக்கு மசியாது, ஆனால் பரணிலிருந்து இறக்குகிறவன் கை நழுவினால் தீர்ந்தது. இறக்குகிறவர்கள் நாங்கள். ஆண்பிள்ளைகளுக்குக் கொலுவில் இருந்த ஒரே வேலை அதுதான். பொம்மைகளை வெளியே எடுத்ததும் அவை இருந்த டிரங்குப் பெட்டிகளையே அடுக்கிப் படி கட்டிக் கொடுத்துவிட்டு, சுண்டல் வேகும்வரை கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

பெரியம்மா சாக்பீஸைப் பொடித்து, வஜ்ரப் பசையில் குழைத்து, ஈர்க்குச்சியால் மூக்கு வைப்பார். வஜ்ரம் எதிலிருந்து வருகிறது என்று அந்தச் சைவக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை, கேட்காததுதான் நல்லது. அந்தச் சாந்து காயக் காயச் சுருங்கும். அடுத்த நவராத்திரிக்கு வேட்டித் துணியைப் பிரித்தால் கிருஷ்ணர் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம் கிடக்கும். மறுபடி சாக்பீஸ். வர்ணமோ வீட்டில் எது மிஞ்சியிருக்கிறதோ அது. ஜன்னல் கம்பிக்கு அடித்த நீல எனாமல் தீரும்வரை எங்கள் கிருஷ்ணரின் மூக்கும் கூடத்து ஜன்னலும் ஒரே நிறத்தில் இருந்தன.

எம்-சீல் என்ற எபாக்சி புட்டி வீட்டுக்குள் வந்தது கொல்லைப்புறமாக. மோட்டார் குழாய் ஒழுகியது. அப்பா ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். கறுப்பு ஒரு துண்டு, வெள்ளை ஒரு துண்டு. இரண்டையும் கோடு தெரியாமல் சாம்பல் நிறமாகும்வரை பிசைந்து அப்பினார். ஒழுக்கு நின்றது. உருண்டை கொஞ்சம் மிஞ்சியது. வீணாக்க மனம் வராமல், கொலுவில் இருந்த பிள்ளையாரின் ஒடிந்த கொம்பை ஒட்டவைத்துச் சரிசெய்துவிட்டார். மகாபாரதம் எழுத அவரே ஒடித்துக்கொண்ட கொம்பு அது என்பது மறுநாள் காலை பெரியம்மா சொல்லித்தான் அவருக்கு நினைவுக்கு வந்தது. அதற்குள் இறுகிவிட்டது. சாக்பீஸ் சாந்து போலத் தண்ணீர் வற்றிக் காய்கிற சரக்கு அல்ல எபாக்சி. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று வேதிவினை புரிந்து கெட்டியாகின்றன. அதனால் சுருங்குவதில்லை, நனைந்தாலும் கரைவதில்லை, பெரியம்மா சபித்தாலும் கழன்று வருவதில்லை. உலகத்திலேயே இரண்டு கொம்பும் முழுசாக உள்ள ஏகதந்தர் எங்கள் வீட்டுப் படியில்தான் வெகுகாலம் உட்கார்ந்திருந்தார்.

இப்போது இலாகா என் கையில். ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைக்கு வீட்டில் வேறு எந்த இலாகாவும் தரப்படுவதில்லை.

கொள்முதல் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். மூர் மார்க்கெட்டை 1985-இல் தீ தின்ற பிறகு பழைய சாமான் பைத்தியங்களுக்கு அதுதான் போக்கிடம். யாரோ வீடு மாறும்போது ஷோகேஸைக் காலி செய்திருப்பார்கள். தார்ப்பாயில் மிக்ஸி ஜாருக்கும் கழற்றிப் போட்ட மின்விசிறிக்கும் நடுவே சிரிக்கும் புத்தர், சிறகு விண்ட தேவதை, ஆட்டுக்குட்டியோடு ஐரோப்பிய இடைச்சி, மூட்டையோடு சாண்டா கிளாஸ் எல்லாரும் மல்லாந்து கிடப்பார்கள். பாலியெஸ்டர் ரெசினில் கல்தூள் கலந்து, சிலிக்கான் ரப்பர் அச்சில் வார்த்த உருப்படிகள். கனம் அதிகம், முறிவதும் சுலபம். முதலில் போவது எப்போதும் விரல்.

சாண்டா கிளாஸைப் பார்த்ததுமே எனக்கு வசிஷ்டர் தெரிந்துவிட்டார். வெண்தாடி தயார், மீசை தயார். விசுவாமித்திரராக்கியிருக்கலாம், ஆனால் அந்தக் குலுங்கும் சிரிப்போடு யாரும் சாபம் கொடுக்க முடியாது.

முதலில் சோப்புத் தண்ணீரில் குளியல். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் புட்டி பிடிக்காது. பிறகு குல்லாயை ஹாக்சா பிளேடால் அறுத்தெடுக்க வேண்டும், மூக்கில் முகமூடியோடு. ரெசினும் கல்லும் கலந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது. அறுத்த இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, நடுவில் துளையிட்டுச் செப்புக் கம்பி ஒன்றை நட்டேன். ஜடாமுடிக்கு அதுதான் முதுகெலும்பு. ஹார்டனர் தோலில் பட்டால் சிலருக்குத் தடித்துவிடும் என்பதால் கையுறை. நெல்லிக்காயளவுக்கு மேல் பிசைவதில்லை. புரட்டாசிப் புழுக்கத்தில் புட்டி சீக்கிரம் முறுக்கேறிவிடும், அதற்குள் நமக்கு ஒரு போன் வந்துவிடும்.

நூல் நூலாகத் திரித்து, கம்பியைச் சுற்றிக் கொண்டையாக ஏற்றி, பல்குச்சியைத் தண்ணீரில் தோய்த்து ஒவ்வொரு திரியிலும் மயிர்க்கோடு கீற வேண்டும். தண்ணீர் தொடாவிட்டால் புட்டி குச்சியோடு எழுந்து வந்துவிடும். பூட்ஸை அராவி அராவிப் பாதமாக்கினேன். கோட்டின் ரோம விளிம்பு மரவுரி ஆயிற்று. வயிறுதான் சொன்னபடி கேட்கவில்லை. புட்டி சேர்க்க உதவுமே தவிரக் குறைக்க உதவாது. இத்தனை தவத்துக்குப் பிறகும் எங்கள் பிரம்மரிஷிக்குத் தொந்தி இருக்கிறது.

வசிஷ்டர் என்றால் காமதேனு வேண்டாமா? இடைச்சியின் ஆட்டுக்குட்டிக்கு எம்-சீலில் திமிலும் மடியும் கொம்பும் வைத்து, தேவதையின் சிறகுகளை இரண்டு தோளிலும் பொருத்தினேன். சிறகு இழந்த தேவதை அருந்ததியானாள். அவள் புடவைக் கொசுவத்துக்கு நான் பாடம் படித்தது ஓர் ஆங்கிலேயரின் வீடியோவில். 1983-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வார்ஹாம்மர் என்ற போர் விளையாட்டுக்கு விரலளவு வீரர்கள் உண்டு. அவர்களுக்கு எபாக்சி புட்டியால் மேலங்கியும் மயிர்த்தோலும் செய்து மாட்டுவதே அங்கே பலருக்கு ஆயுள்காலப் பொழுதுபோக்கு. மனிதர் ஓர் அரக்கனின் போர்வைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்து ரிஷிபத்தினிக்குக் கொசுவம் வைத்தேன். துணி எங்கே தொங்கினாலும் ஒரே மாதிரிதான் விழுகிறது.

ஒரு நாள் ஆறப்போட்டு, ப்ரைமர் அடித்து, அக்ரிலிக் காவி பூசி, தண்ணீராய்க் கரைத்த பழுப்பு வர்ணத்தை மேலே ஓடவிட்டுத் துடைத்தால், மடிப்புகளில் மட்டும் அழுக்கு தங்கி நூறு வருஷத்துப் பொம்மை போல ஆகிவிடும்.

"என்னங்க, தூசி தட்டாம வெச்ச மாதிரி இருக்கே" என்றாள் மனைவி.

"அதுக்குத்தான் மூணு நாளா பாடுபடறேன்."

பெரியம்மா பழசைப் புதுசு என்று நம்பவைக்கப் பாடுபட்டார். நான் புதுசைப் பழசு என்று நம்பவைக்கிறேன். அவர் ஒட்டு தெரியாமல் மறைத்தார். நான் வர்ணம் பூசுவதற்கு முன்பே, சாம்பல் நிற ஒட்டுகள் பளிச்சென்று தெரியும்படி படமெடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுகிறேன். கொலுவுக்கு வருகிறவர்களை அப்போது பாடச் சொல்வோம். இப்போது வருகிற பையன்கள் என்ன ப்ரைமர் என்று கேட்கிறார்கள். செலவுக் கணக்கும் அப்படித்தான். எம்-சீல் மலிவு, அதற்குப் பக்கவாத்தியமாக வாங்கிய தூரிகை, உப்புத்தாள், வார்னிஷ், மடக்கு விளக்கு எல்லாம் கூட்டினால் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் ஒரு தசாவதார செட்டே வாங்கியிருக்கலாம். மனைவி அதை வாங்கியும் விட்டாள். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மை என்ற வழக்கத்துக்கு என் வசிஷ்டர் கணக்கில் வரமாட்டாராம். அது நியாயம்தான். முன்னச்சு, பின்னச்சு என்று மண்ணைத் தட்டி எடுத்து, காயவைத்து, சுட்டு, கடைசியில் கண் திறக்கிற குடும்பங்களுக்கு அடுப்பு எரிவது அந்த வழக்கத்தால்தான், பல்லாவரத்தால் அல்ல.

மண் பொம்மையிடம் இன்னொரு மரியாதையும் உண்டு. போகிற காலம் வந்தால் போய்விடும். பச்சை மண்ணாக இருந்தால் கரையும், சுட்டதாக இருந்தால் ஓடாகி மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். ரெசின் உடம்பும் எபாக்சி ஜடையுமாக இருக்கிற வசிஷ்டரை எந்தத் தண்ணீரில் போடுவது? போட அடுக்குமாடியில் கிணறும் இல்லை. ஆகவே அவர் சிரஞ்சீவி. என் பேரன் காலத்திலும் தொந்தியோடு சிரித்துக்கொண்டிருப்பார். அவனுக்குப் பிடிக்காவிட்டால் கொண்டையை அறுத்துவிட்டு மறுபடி குல்லாய் வைத்துக்கொள்ளட்டும்.

போன வாரம் சிரிக்கும் புத்தரைத் தேடிப் போனேன். செட்டியார் பொம்மைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. தோளில் ஒரு துண்டு, முன்னால் நாலு மளிகைக் கூடை வைத்தால் வேலை முடிந்தது. கடைக்காரர் என்னைக் கண்டதும் இரண்டு புத்தரை எடுத்து வைத்தார். ஒன்று முழுசு. இன்னொன்றுக்கு ஒரு கை இல்லை.

"முழுசு நூத்தம்பது சார். கை போனது இருநூறு."

"உடைஞ்சதுக்குப் போய் அதிக விலையா?"

"நீங்க எப்படியும் அறுக்கத்தானே போறீங்க? பாதி வேலை நானே முடிச்சுட்டேன்."