ஒரு போல்ட்டும் ரெண்டு ஞாயிறும்

டூரன், ஜெர்மனி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"ஒரு போல்ட்டைக் கழற்ற ரெண்டு வாரமாடா?" என்று போனில் கேட்டீர்கள். பின்னால் சித்தி சிரித்ததும் கேட்டது. வாயால் சொன்னால் மானம் போகும் என்றுதான் எழுதுகிறேன்.

காருக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி இன்ஜினே போச்சு. பட்டறையில் கேட்ட கூலிக்கு நான் வடலூர் வந்தே திரும்பலாம். நெய்வேலிச் சுரங்கத்தில் ஜெர்மன் பக்கெட் வீல் எந்திரத்தையே பிரித்துப் பூட்டியவர் வீட்டுப் பிள்ளையாயிற்றே என்று நானே இறங்கினேன். முதலில் கழற்ற வேண்டிய கிராங்க் புல்லி போல்ட்டே அசையவில்லை. பனிக்காலம் முழுக்க ரோட்டில் கொட்டும் உப்பு, துருப்பிடிக்க வைத்து அதைப் பற்றவைத்தே விட்டது. சனிக்கிழமை பைப் மாட்டி மிதித்தேன். உடைந்தது டாமி பார்.

மறுநாள் ஞாயிறு. இங்கே ஞாயிறு சுத்தியல் தூக்கக் கூடாது. புல்வெட்டி ஓட்டக் கூடாது. சுவரில் ஓட்டை போடக் கூடாது. காலி பாட்டிலைத் தெருத் தொட்டியில் போட்டால் 'டங்' என்று கேட்குமாம், அதுவும் கூடாது. வீட்டுக்காரர் வைத்த சட்டம் என்று நினைக்காதீர்கள். ஞாயிறு ஓய்வை 1919-லேயே அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். 1949-ல் புதுச் சட்டம் போட்டபோதும் அந்த வரியை விடவில்லை. ஞாயிறும் சுத்தியல் தட்டும் நம் வடலூர் நாலு ரோட்டுப் பட்டறைக்காரர்கள் இங்கே இருந்தால் திங்கட்கிழமை கடை திறக்க ஆள் இருக்காது. ஆனால் பக்கத்து ஹம்பாக் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ராப்பகலாக ஓடும். 96 மீட்டர் உயர பக்கெட் வீல் எந்திரத்துக்கு அனுமதி, என் நாலடிப் பைப்புக்கு இல்லை! எண்ணெய் ஊற்றுவது சத்தமில்லாத வேலை. அதை மட்டும் செய்தேன், அதுவும் சொட்டுச் சொட்டாக.

அடுத்த சனி மழை. ஞாயிறு மதியம் பொறுக்கவில்லை. மனைவியைக் காருக்குள் உட்காரவைத்து, ஐந்தாம் கியரில் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பைப்பில் தொங்கினேன். நான் முனகக்கூட இல்லை சித்தப்பா. போல்ட்தான் சத்தம் போட்டது, லட்சுமி வெடி மாதிரி. மூன்று ஜன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டுப் பாட்டி, "இன்று ஞாயிறு" என்றார். அவ்வளவுதான். ஜெர்மனில் எனக்குத் தடங்கலில்லாமல் வருவது மன்னிப்பு ஒன்றுதான். ஜன்னலுக்கு ஒன்றாக மூன்று முறை கேட்டேன்.

ஒருத்தராவது இறங்கி வந்து, "தள்ளுப்பா, நான் பார்க்கிறேன்" என்று பைப்பைப் பிடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதே என்கிறது புத்தகம். துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன். நான் மழுக்கிய மூலையைப் பார்த்துத் திட்டிவிட்டு, நாலு ரோட்டில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பெரியவன்